ரஷ்யச் சொற்களோடு நான் தொலைத்த ஒரு வருடம்

ரஷ்யாவில் பொறியியலை ரஷ்ய மொழியிலேயே படிப்பது என்று முடிவு செய்து போனவர்களுக்கு முதல் வருடம் மொழிக்கே போய்விடும். அந்த ஆயத்த வகுப்பை அங்கே எல்லோரும் ‘போத்ஃபாக்’ என்பார்கள். இலையுதிர் காலத்தில் தொடங்கி கோடையில் முடியும். முடிவில் வெளிநாட்டவருக்கான ரஷ்யத் தேர்வின் முதல் சான்றிதழ் நிலையைத் தாண்டினால்தான் பல்கலைக்கழகத்தின் முதலாம் ஆண்டில் உட்கார முடியும். அந்த நிலைக்கு ஏறக்குறைய 2300 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். நான் அந்தத் தேர்வில் முதல் தடவை தோற்றேன், அதனால் ஒரு முழு வருடம் போனது. நான் சோம்பேறியாக இருந்து தோற்கவில்லை. வகுப்பில் என்னைவிட அதிக நேரம் சொற்களோடு உட்கார்ந்தவர்கள் யாரும் இல்லை. படித்த விதம் தவறு என்று அப்போது ஒருவர் சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். (ரஷ்யச் சொற்களை எழுத்தில் இருப்பதை ஒட்டித் தமிழில் எழுதுகிறேன். காதில் விழுவது வேறாக இருக்கும், அதைப் பின்னால் சொல்கிறேன்.)

நான் செய்தது இதுதான். தேர்வுக்கான சொற்பட்டியல் அகர வரிசையில் அச்சாகி வரும். அதை எடுத்து ஒரு நாளைக்கு 30 சொல் என்று மேலிருந்து கீழே மனப்பாடம் செய்யத் தொடங்கினேன். முதல் இரண்டு மாதம் நன்றாகவே போனது. ‘ப’ எழுத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். ரஷ்ய அகராதியில் மிகப் பெரிய பகுதி அந்த எழுத்துதான், ஏனென்றால் ப்ரி, ப்ரோ, பெரெ, போத், போ என்று முன்னால் ஒட்டும் துண்டுகள் பலவும் அதில்தான் தொடங்குகின்றன. ப்ரிவெத் என்றால் வணக்கம், ப்ரிவிச்கா பழக்கம், ப்ரிமெர் உதாரணம், ப்ரிச்சீனா காரணம், ப்ரிகாஸ் உத்தரவு. ஒரே பக்கத்தில் இப்படி நாற்பது சொல் இருந்தால் எது எது என்று எப்படிப் பிரிப்பது? இரவு பதினொரு மணிக்குச் சரியாகச் சொன்னது காலையில் கலந்துவிடும். மூன்று வாரம் அந்த ஓர் எழுத்திலேயே கிடந்தேன், விடுதி அறையில் அழுதும் இருக்கிறேன். உண்மையில் உறவுள்ள சொற்களை அந்தப் பட்டியல் வேறு வேறு பக்கத்தில் சிதறடித்துவிட்டு, உறவே இல்லாத சொற்களை அருகருகே நிறுத்தியிருந்தது. அது எனக்குத் தெரியவில்லை. என் நினைவாற்றலில்தான் ஏதோ கோளாறு என்று நம்பினேன்.

பயத்தில் பணத்தைக் கொட்டினேன். சொல் அட்டைச் செயலி ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா 2,400 ரூபிள். அப்புறம் ஒரு தனிப் பயிற்சி நிலையத்தில் 20 வகுப்புக்கு 18,000 ரூபிள் முன்பணமாகக் கட்டினேன். ஐந்தாவது வகுப்பிலேயே அது எனக்கு உதவாது என்று தெரிந்துவிட்டது, அவர்களும் அதே பட்டியலைத்தான் ஒப்பிக்கச் சொன்னார்கள். மீதிப் பணத்தைக் கேட்டபோது, நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் ஒரு வரியைக் காட்டினார்கள். கட்டிய தொகை ‘வோஸ்வ்ராத்’துக்கு உரியதல்ல என்று இருந்தது. அந்தச் சொல்லுக்குத் திருப்பித் தருதல் என்று பொருள். கையெழுத்துப் போடும்போது எனக்குத் தெரியாத சொல், கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டியிருந்தேன். வாதாடவும் மொழி போதவில்லை, திரும்பி வந்துவிட்டேன். இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மொழி தெரியாத நாட்டில் எந்தத் தாளிலும் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள், வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு நாளை வருகிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

தேர்வில் ஐந்து பகுதிகள்: சொல்லும் இலக்கணமும், வாசிப்பு, கேட்டல், எழுத்து, பேச்சு. ஒவ்வொன்றிலும் 66 சதவீதம் எடுக்க வேண்டும், ஏதாவது ஒன்றில் மட்டும் 60 வரை இறங்கலாம். எனக்கு வாசிப்பில் 52, கேட்டலில் 47. வாசிப்புப் பகுதியில் ஒரு பத்தியைப் பார்த்த நினைவு இன்னும் இருக்கிறது. வரிக்கு இரண்டு சொல் எங்கேயோ பார்த்த முகம் போல இருந்தன, ஒன்றுக்கும் பெயர் வரவில்லை. என்னோடு சேர்ந்தவர்கள் முதலாம் ஆண்டுக்குப் போனார்கள். நான் அதே வகுப்பறையில் மறுபடியும் பணம் கட்டி உட்கார வேண்டும் என்பதை வீட்டுக்குச் சொல்ல எனக்கு ஒன்பது நாள் ஆனது.

அந்தக் கோடையில் நிமோனியா வந்தது, என் படிப்பு திரும்பியது அதில்தான். மருத்துவமனையில் எனக்குப் புரியாமல் போன சொற்கள் எல்லாமே ஒரே சொல்லிலிருந்து வந்தவை என்று பிறகுதான் தெரிந்தது. வரவேற்பில் இருந்தவர் “ஸாபிஸானி?” என்றார், முன்பதிவு செய்திருக்கிறீர்களா என்று அர்த்தம். ஒரு தாளை நீட்டி “ரஸ்பிஷீதெஸ்” என்றார், கையெழுத்துப் போடுங்கள். இரண்டுக்கும் விழித்தேன். ஏழாம் நாள் மருத்துவர் வந்து “ஸாவ்த்ரா விபிஷெம்” என்றார். ஸாவ்த்ரா என்றால் நாளை. விபிஸாத் என்பதற்கு மருந்துச் சீட்டு எழுதித் தருவது என்று பட்டியலில் படித்திருந்தேன், சரி, நாளை ஏதோ புது மருந்து என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை செவிலியர் புது விரிப்போடு வந்து என் கட்டிலருகே நின்றார். பையைக்கூடக் கட்டவில்லை, விடுதியில் யாரிடமும் சொல்லவில்லை. எதற்கு நிற்கிறார் என்றே எனக்குப் புரியவில்லை, பயத்தில் கை நடுங்கியது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பாட்டி இருந்தார், தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஊர் மரியாதைப்படி பெயரோடு தந்தை பெயரையும் சேர்த்துத்தான் அவரைக் கூப்பிடுவேன், அவர் என்னை ‘தோச்கா’, மகளே, என்பார். அவர்தான் செவிலியரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, குறுக்கெழுத்துப் புத்தகத்தின் ஓரத்தில் அந்தச் சொல்லை எழுதினார். ‘வி’ மேல் ஒரு மடக்குக் கோடு, ‘பிஸ்’ மேல் வில் போல ஒரு வளைவு, அடுத்த துண்டின் மேல் கூரை போல ஒரு குறி. “வி என்றால் வெளியே, பிஸ் என்றால் எழுது. மருந்தை எழுதி வெளியே கொடுப்பதும் விபிஸாத்தான், ஆஸ்பத்திரிப் பதிவேட்டிலிருந்து உன் பெயரை எழுதி வெளியே அனுப்புவதும் விபிஸாத்தான். நீ வீட்டுக்குப் போகிறாய், தோச்கா.” அந்தக் குறிகள் ரஷ்யக் குழந்தைகள் தொடக்கப்பள்ளியிலேயே கற்பவை. முன்னொட்டுக்கு மடக்குக் கோடு, வேருக்கு வளைவு, பின்னொட்டுக்குக் கூரை, விகுதிக்குப் பெட்டி. எந்தச் சொல்லையும் இப்படிப் பிரித்துக் காட்டுவது அவர்களுக்கு வீட்டுப்பாடம். எங்களுக்கு அதை ஒரு நாளும் யாரும் காட்டவில்லை.

நாமும் பள்ளியில் இதைத்தான் செய்தோம். பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று பகுபத உறுப்பிலக்கணம் எழுதி மதிப்பெண் வாங்கினோம். ஆனால் தமிழில் பகுதி சொல்லின் தலையில் நிற்கும், மற்றதெல்லாம் பின்னால் வரிசையாக ஒட்டும். நம் கண் பழகியிருப்பது அதற்கு. ரஷ்யச் சொல்லைப் பார்த்ததும் நான் தலையைத்தான் பிடித்தேன், அங்கே இருந்ததோ ப்ரி, ப்ரோ, பெரெ என்ற ஒட்டு. சொல்லின் உயிரான பகுதி நடுவில் இருந்தது. வில் வளைவை நடுவில் போடப் பழகிய அன்றே பாதிப் பயம் போய்விட்டது.

படுக்கையைக் காலி செய்வதற்குள் பாட்டி அந்த ஓரத்திலேயே ‘பிஸ்’ குடும்பத்தை எழுதிவிட்டார். போத் என்றால் கீழே, போத்பிஸ் கையொப்பம், கீழே எழுதுவது. ரஸ் என்பது பரவலாக்கும், ரஸ்பிஸானியே கால அட்டவணை, பரப்பி எழுதி வைத்தது. ஸ்பிஸோக் பட்டியல். ரூகா என்றால் கை, ரூகோபிஸ் என்றால் கையெழுத்துப் பிரதி. இந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது, கை, எழுத்து, நம் சொல்லும் அதே இரண்டு துண்டுதான். இந்தச் சொற்களில் பாதியை நான் வெவ்வேறு மாதங்களில் தனித்தனியாக மனப்பாடம் செய்து மறந்திருந்தேன். ஒரே வேரிலிருந்து வரும் இந்தக் கூட்டத்துக்கு ரஷ்ய மொழியியலில் ‘க்னெஸ்தோ’ என்று பெயர், கூடு.

வெளியே வந்த வாரம் மெட்ரோவில் நின்று பலகைகளைப் படித்தேன். வ்ஹோத் உள்ளே போகும் வழி, விஹோத் வெளியே போகும் வழி, பெரெஹோத் குறுக்கே கடப்பது, அதனால்தான் சாலைச் சுரங்கப் பாதைக்கும் ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாறும் வழிக்கும் அதே சொல். பத்து மாதமாகத் தினமும் இந்தப் பலகைகளைத் தாண்டிப் போயிருக்கிறேன். ‘ஹோத்’ என்றால் நடை, போக்கு. தோஹோத் வருமானம், ரஸ்ஹோத் செலவு, காசு கைக்கு வந்து சேருவதும் பல பக்கம் பிரிந்து போவதும். பெஷெஹோத் பாதசாரி. சோவியத் காலத்தில் 1970 நவம்பரில் நிலவில் இறங்கி ஊர்ந்த வண்டிக்கு லுனோஹோத் என்று பெயர் வைத்தார்கள், லுனா நிலா, நிலவில் நடப்பது. 1957 அக்டோபர் 4 அன்று ஏவிய ஸ்பூத்னிக்கையும் பிரித்துப் பாருங்கள்: ஸ் என்றால் கூட, பூத் என்றால் வழி, நிக் ஆளைக் குறிக்கும் ஒட்டு. வழித்துணை. உலகமே அறிந்த அந்தப் பெயருக்கு இவ்வளவு எளிய அர்த்தம் இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

இனி நீங்கள் தொடங்குவதாக இருந்தால் வேர்களிலிருந்து தொடங்காதீர்கள், முன்னொட்டுகளிலிருந்து தொடங்குங்கள். புழக்கத்தில் அதிகம் வருபவை இருபதுக்குள்தான். அவற்றில் பாதி, முதல் மாதத்திலேயே தனிச்சொல்லாக நீங்கள் படித்தவை: வ உள்ளே, நா மேலே, போத் கீழே, ஓத் விலகி, தோ வரை, பெஸ் இல்லாமல். பெஸ்ப்லாத்னோ என்ற பலகையைக் கடையில் பார்த்தால், ப்லாதா கட்டணம், கட்டணம் இல்லாமல், இலவசம். இதற்கு அகராதி வேண்டியதில்லை. பத்து நாள் முன்னொட்டுக்கு ஒதுக்கிவிட்டு அப்புறம் வேருக்கு வாருங்கள். விக்சனரி என்ற இணைய அகராதியின் ரஷ்யப் பதிப்பில் பெரும்பாலான சொற்களின் பக்கத்தில் முன்னொட்டு, வேர், பின்னொட்டு என்று பிரித்தே போட்டிருப்பார்கள், பணம் கட்ட வேண்டியதில்லை.

வேருக்கு ஒரு பக்கம் என்று நோட்டுப் போடுங்கள், ஆனால் நான் செய்த அடுத்த பிழையைச் செய்யாதீர்கள். உற்சாகத்தில் சொல்லாக்க அகராதியைத் திறந்து ‘ஹோத்’ கூட்டிலிருந்து அறுபது சொற்களை ஒரே மூச்சில் எழுதினேன். இரண்டு வாரம் வீண். பழைய மனப்பாடத்தையே வேறு வடிவில் செய்திருக்கிறேன் என்று புரியவே தாமதமானது. நேரில் சந்தித்த சொல்லை மட்டும், சந்தித்த வாக்கியத்தோடு எழுத வேண்டும். ஐந்தாறு சொல் சேர்ந்தால் போதும், வேர் தானே ஊன்றிவிடும். மற்றவை எதிரே வரும்போது அறிமுகமானவர் போல வரும்.

வேர் எப்போதும் ஒரே உருவில் நிற்காது என்பதை யாராவது முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பிஸாத் எழுதுவது, ஆனால் ‘நான் எழுதுகிறேன்’ என்றால் பிஷு. ஹோதித் நடப்பது, நான் நடக்கிறேன் ஹோஷு. ரூகா கை, ரூச்கா பேனா. த்ரூக் நண்பர், த்ரூஷ்பா நட்பு. முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆறு என்பது ஆற்றங்கரையில் ஆற்று ஆகிறது, காடு காட்டுப்பாதையில் காட்டு ஆகிறது, நாம் அதை வேறு சொல் என்று நினைக்கிறோமா? அதே கதைதான், க ச ஆகும், த ஷ ஆகும், ஸ ஷ ஆகும், ஏழெட்டு இணைகள் பழகினால் முடிந்தது. இதைவிடச் சிரமம் நடுவில் உயிரெழுத்து காணாமல் போகும் வேர்கள். ப்ராத் எடுப்பது, பெரூ எடுக்கிறேன், ஸோபிராத் சேகரிப்பது, விபோர் தேர்ந்தெடுப்பது. ப்ர், பெர், பிர், போர் எல்லாம் ஒன்றே. இப்படிப்பட்ட வேர்களுக்கு நோட்டில் பக்கத் தலைப்பாக எல்லா உருவங்களையும் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் ஒரே வேரை நான்கு இடத்தில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கேட்டலில் 47 வாங்கியதற்குக் காரணம் ஒலி. தாளில் படித்த வேர் காதில் அப்படி விழாது. ரஷ்யத்தில் அழுத்தம் விழாத ‘ஓ’, ‘அ’ போல ஒலிக்கும். வோதா என்று எழுதியிருக்கும் தண்ணீர் காதில் ‘வதா’. ஹோதித் ‘ஹதீத்’. விஹோத்தில் அழுத்தம் முன்னொட்டுக்குப் போய்விடுவதால் ‘வீஹத்’. சொல்லின் கடைசியில் வரும் மெல்லிய ஒலி வன்மையாகிவிடும், த்ரூக் என்பதன் கடைசி எழுத்து ‘கங்காரு’வில் இரண்டாவதாக வரும் க, ஒலிப்பதோ முதல் க போல. நமக்கு இது புதிதல்ல, ஒரே க-வை இடம் பார்த்து வேறு வேறாக ஒலித்தே வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் வாய்விட்டுச் சொல்லாமல், அழுத்தக் குறி போடாமல் ஒரு சொல்லையும் நோட்டில் ஏற்றாதீர்கள். ஸாமோக் என்பதில் அழுத்தம் முன்னால் விழுந்தால் கோட்டை, பின்னால் விழுந்தால் பூட்டு.

வேரைப் பிடித்தால் பொருள் தானாக வந்துவிடும் என்று நம்பியதற்கும் விலை கொடுத்தேன். ‘காஸ்’ என்ற வேரில் ஸ்காஸாத் சொல்வது, போகாஸாத் காட்டுவது, தோகாஸாத் நிரூபிப்பது, நாகாஸாத் தண்டிப்பது, ஸாகாஸாத் பொருளுக்கு ஆர்டர் கொடுப்பது, ஓத்காஸாத் மறுப்பது. முன்னொட்டை மட்டும் வைத்து இவற்றைக் கணக்குப் போட முடியாது. இணையத்தில் வாங்கிய குளிர்காலக் காலணியை எடுக்கப் போன இடத்தில், ஸாகாஸ் என்பதற்குப் பதில் எனக்கு ‘ஓத்காஸ்’ என்று சொல்லிவிட்டேன். அங்கே அதற்குப் பொருளை வேண்டாம் என்று திருப்புவது என்று அர்த்தம். அந்த ஊழியரும் அப்படியே பதிவு செய்துவிட்டார். பணம் திரும்பி, மறுபடி ஆர்டர் கொடுத்து, காலணி கைக்கு வர 12 நாள் ஆனது, அதுவரை உறைபனியில் சாதாரணக் காலணியோடு வகுப்புக்குப் போனேன். ஆகவே படிக்கும்போதும் கேட்கும்போதும் ஊகம் செய்யுங்கள், பேசும்போதும் கையெழுத்துப் போடும்போதும் ஊகத்தை நம்பாதீர்கள். ப்ரோஸ்லூஷாத் என்ற ஒரே சொல்லுக்கு முழுதாகக் கேட்பது என்றும் பொருள், கவனக் குறைவால் கேட்காமல் விடுவது என்றும் பொருள், வாக்கியம்தான் தீர்மானிக்கும். நாபிஸாத்தில் உள்ள ‘நா’ மேலே என்று எதையும் சொல்வதில்லை, எழுதி முடித்ததை மட்டும் காட்டுகிறது.

ஒரே உருவில் இரண்டு வேர்கள் இருப்பதையும் கவனிக்க வேண்டும். ‘வோத்’ தண்ணீரும்தான், வழிநடத்துவதும்தான். வோதோபாத் அருவி, தண்ணீர் விழுவது. வோதிதெல் ஓட்டுநர், தண்ணீருக்கு அங்கே வேலை இல்லை. பெரெவோத் மொழிபெயர்ப்பு, பணப் பரிமாற்றமும்கூட, ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டு சேர்ப்பது. வோதோப்ரோவோத் குடிநீர்க் குழாய் அமைப்பு, இதில் முதல் வோத் தண்ணீர், இரண்டாவது வோத் நடத்திச் செல்வது. இந்தச் சொல்லை என் நோட்டில் இரண்டு பக்கத்திலும் எழுதி வைத்திருக்கிறேன், குழப்பம் வந்தால் அதைத்தான் பார்ப்பேன்.

இரண்டாம் தடவை எழுதியபோது வாசிப்பில் 83, கேட்டலில் 71. நோட்டில் அப்போது 64 பக்கம்தான் நிரம்பியிருந்தது, அதாவது 64 வேர்கள். தேர்வில் தெரியாத சொற்கள் அப்போதும் வந்தன, ஆனால் அவற்றின் நடுவில் வளைவு போட்டுப் பார்க்கத் தெரிந்திருந்தது.

இன்னும் அந்த நோட்டில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் திறந்த பக்கத்தின் தலைப்பில் வெர்த், வோரோத், வ்ராத் என்று எழுதியிருக்கிறது, திரும்புதல். போவோரோத் சாலைத் திருப்பம். வெர்தோல்யோத் ஹெலிகாப்டர், சுழன்று பறப்பது. முதல் வரியில் இருப்பது வோஸ்வ்ராத், அதன் எதிரே 18,000 ரூபிள் என்று குறித்திருக்கிறேன்.